நாவலைக் குழுவாகப் படிப்பதும் குறிப்பேட்டில் எழுதுவதும்: ஏழாம் வகுப்பு ஆசிரியைக்கு ஒரு பதில்

தருமபுரி மாவட்டத்துப் பென்னாகரம் வட்டத்தில் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர் வகுப்பில் 32 பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் குழுக்களாகப் பிரித்து, சிறார் நாவல்களைக் கொடுத்து, படித்துவிட்டுக் கலந்து பேசுங்கள், குறிப்பேட்டில் எழுதுங்கள் என்று சொன்னால், ஒவ்வொரு குழுவிலும் ஒரே பிள்ளைதான் பேசுகிறது, மற்றவர்கள் தலையாட்டுகிறார்கள். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. குறிப்பேட்டில் எல்லாரும் கதைச் சுருக்கத்தை எழுதி, ‘இக்கதை எனக்கு மிகவும் பிடித்திருந்தது’ என்று முடித்துவிடுகிறார்கள். இதை எப்படிச் சரிசெய்வது என்று கேட்கிறார்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்து நடுநிலைப் பள்ளிகளில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்து வருகிறேன். இதே தடுமாற்றத்தில் நானும் இரண்டு ஆண்டுகள் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தவறு பிள்ளைகளிடம் இல்லை, நாம் வேலையை அடுக்கும் வரிசையில் இருக்கிறது. முதலில் படிக்கச் சொல்கிறோம், பிறகு பேசச் சொல்கிறோம், கடைசியில் எழுதச் சொல்கிறோம். கையில் ஒன்றும் இல்லாமல் குழுவில் வந்து உட்காரும் பிள்ளை, வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை சொல்வதைக் கேட்டுத் தலையாட்டாமல் வேறென்ன செய்யும்? எழுத்து கடைசியில் வருவதாலும், அதை நாம் சிவப்பு மையால் திருத்துவதாலும், குறிப்பேடு இன்னொரு விடைத்தாளாக ஆகிவிடுகிறது. விடைத்தாளில் எழுதப் பாதுகாப்பானது கதைச் சுருக்கம்தான். அதில் யாரும் தப்புக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே வரிசையை மாற்றுங்கள். படித்த கையோடு ஐந்து நிமிடம் தனியாக எழுதட்டும். எழுதியதை மடியில் வைத்துக்கொண்டு பேசட்டும். பேசி முடித்தபின் திரும்பவும் எழுதட்டும். அந்தக் குறிப்பேட்டைத் திருத்தாதீர்கள். நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான் என்றாலும், இதை வகுப்பறையில் நடத்திக் காட்டுவதில் பல நுணுக்கங்கள் இருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

நாவலை முதல் நாளே கையில் கொடுத்துவிடாதீர்கள். முதல் வாரத்தைக் கேள்வி கேட்கப் பழக்குவதற்கென்றே ஒதுக்குங்கள். பள்ளியில் சேர்ந்த நாள் முதல் நம் பிள்ளைகள் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் பழகியிருக்கிறார்கள். கேள்வி கேட்பது ஆசிரியரின் வேலை, அதற்கு ஒரே ஒரு சரியான விடை உண்டு, அந்த விடை ஆசிரியருக்கு முன்பே தெரியும் என்று நம்பியிருக்கிறார்கள். இந்த நம்பிக்கை உடையாமல் குழுவில் உண்மையான பேச்சு நடக்காது.

அதை உடைப்பதற்கு உங்கள் மாவட்டத்துக் கதையே இருக்கிறது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கிடைத்தற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதையைத் தருமபுரிப் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த நிகழ்ச்சியைப் பாடும் புறநானூற்றின் 91ஆம் பாட்டில் ஔவை சொல்லும் ஒரு செய்தியைப் பெரும்பாலான பிள்ளைகள் கவனித்திருக்க மாட்டார்கள். அந்தக் கனியின் பயனை அதியமான் தன் மனத்துக்குள்ளேயே அடக்கிக்கொண்டு, சொல்லாமல் கொடுத்தான் என்கிறார் ஔவை. இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு மூன்று விதமான கேள்விகளைக் காட்டுங்கள். கனியைக் கொடுத்தவர் யார் என்று கேட்டால் விடை கண்ணிலேயே படுகிறது. ஒருவர் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். ஏன் சொல்லாமல் கொடுத்தான் என்று கேட்டால் விடை வெளிப்படையாக இல்லை. ஆனால் பாட்டுக்குள் தோண்டிப் பார்த்தால் கிடைக்கும். நாட்டைக் காக்க வேண்டிய அரசன் நெடுநாள் வாழ்வதல்லவா குடிகளுக்கு நல்லது, அவன் கொடுத்தது சரியா என்று கேட்டால், அதற்குப் பாட்டும் நம் வாழ்க்கையும் சேர்ந்துதான் விடை சொல்ல வேண்டும். என் வகுப்பில் பிள்ளைகள் இவற்றுக்குக் ‘கண்ணில் படும் கேள்வி’, ‘தோண்டும் கேள்வி’, ‘நம்ம கேள்வி’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர்களையே இன்றுவரை பயன்படுத்துகிறேன்.

இந்தப் பாடத்தை நடத்திய ஒரு நாளில், அதுவரை பேசாத ஒரு பெண், “சொல்லிட்டுக் கொடுத்தா அது கடன் மாதிரி ஆயிடும்” என்றாள். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு பையன், “கேக்காமக் கொடுத்தது தப்பு. தெரிஞ்சவங்க எல்லாரும் செத்த பிறகு தனியா இருக்க அவங்களுக்குப் பிடிக்குமான்னு கேட்டிருக்கணும்” என்றான். நெல்லிக்கனிக் கதையை எத்தனையோ முறை பாடமாக நடத்தியிருந்த எனக்கு இந்த இரண்டும் தோன்றியதே இல்லை. ஆசிரியருக்கு விடை தெரியாத கேள்வியும் கேள்விதான் என்று அந்த வகுப்பு அன்றைக்குக் கற்றுக்கொண்டது. அதற்குப் பிறகுதான் நாவலைக் கொடுத்தேன்.

‘ஏன்’ என்ற சொல்லைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கதையில் வருபவர் ஏன் இப்படிச் செய்தார் என்று கேட்பது வேறு, பிள்ளையைப் பார்த்து ‘ஏன் உனக்கு அப்படித் தோன்றியது’ என்று கேட்பது வேறு. நம் வகுப்பறைகளில் ‘ஏன்’ என்பது பெரும்பாலும் அதட்டலோடு வரும் சொல்: ஏன் தாமதம், ஏன் வீட்டுப்பாடம் எழுதவில்லை. ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளை தன் கருத்தை விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்கத் தயாராகிவிடுகிறது. பிரிட்டனின் சிறார் எழுத்தாளர் ஏடன் சேம்பர்ஸ், குழந்தைகளோடு புத்தகங்களைப் பற்றிப் பேசுவது குறித்து 1993இல் வெளியிட்ட நூலில் இதைத்தான் வலியுறுத்தினார். ‘ஏன்’ என்பதை விட்டுவிட்டு ‘சொல்லேன், கேட்கிறேன்’ என்று தொடங்கச் சொன்னார். எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, எது புரியவில்லை, எது திரும்பத் திரும்ப வருகிறது என்ற நான்கையும் அடிப்படையாக வைத்தார். இவற்றில் மூன்றாவதுதான் நம் பிள்ளைகளுக்கு மிகவும் தேவை. ‘புரியவில்லை’ என்று எழுதுவது வெட்கத்துக்குரியது அன்று, குழுவுக்கு அவர்கள் கொண்டுவரும் சீர்வரிசையே அதுதான் என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இனி நூல்களைப் பற்றி. முழு வகுப்புக்கும் ஒரே நாவலை வாங்கப் பணம் இருக்காது. இருந்தாலும் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. 32 பேரை நான்கு பேர் கொண்ட எட்டுக் குழுக்களாகப் பிரியுங்கள். நான்கு நாவல்களைத் தேர்ந்து ஒவ்வொன்றிலும் நான்கு படிகள் வாங்கினால், மொத்தம் 16 படிகள் போதும். ஒவ்வொரு நாவலையும் இரண்டு குழுக்கள் படிக்கும்; ஒரு குழுவுக்கு இரண்டு படிகள்; இருவர் சேர்ந்து ஒரு படியை வைத்துக்கொள்வார்கள். படிகள் குறைவாக இருப்பது குறை போலத் தோன்றும், ஆனால் இருவர் தோளோடு தோள் சேர்ந்து மாற்றி மாற்றி வாய்விட்டுப் படிக்கும்போது, தட்டுத்தடுமாறிப் படிக்கும் பிள்ளையும் கதையை விட்டுப் பின்தங்காமல் வருகிறது. மாவட்டப் புத்தகத் திருவிழாவில் வழக்கமான 10 விழுக்காடு தள்ளுபடியில் வாங்கலாம். ஊரில் படித்து வேலைக்குப் போன முன்னாள் மாணவர்களிடம் கேட்டால் நான்கு படிகள் வாங்கித் தருவதற்குத் தயங்க மாட்டார்கள்.

எந்த நாவல் என்று கேட்டால், ஏறத்தாழ நூறு பக்கத்துக்குள் இருப்பதாகவும், நாயகனோ நாயகியோ பத்து முதல் பதினான்கு வயதுக்குள் இருப்பதாகவும் பாருங்கள். தமிழில் சிறார் நாவல்களே இல்லை என்று சொல்லும் ஆசிரியர்களை நான் இன்னும் சந்திக்கிறேன். அது உண்மை அன்று. சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது 2023இல் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ நாவலுக்கும், 2025இல் விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ நாவலுக்கும் கிடைத்தது. அங்கிருந்து தேடத் தொடங்கலாம். எதை வாங்கினாலும் நீங்கள் முழுவதும் படித்த பிறகே பிள்ளைகளிடம் கொடுங்கள். கடைசிப் பக்கத்தில் நீதி சொல்லி முடிக்கும் நூல்களை நான் தவிர்த்துவிடுவேன். நீதியை எழுத்தாளரே சொல்லிவிட்டால் பிள்ளைகளுக்குப் பேச என்ன மிச்சம் இருக்கிறது? ‘இக்கதையால் நீ அறியும் நீதி யாது’ என்ற கேள்வியை இந்த ஒரு வேலையிலாவது தள்ளி வையுங்கள்.

நான்கு நாவல்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொன்றின் முதல் இரண்டு பக்கத்தை நீங்களே வாசித்துக் காட்டி, பிள்ளைகள் தங்களுக்கு எது வேண்டும் என்று முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் எழுதித் தரட்டும். குழுவை அந்த விருப்பத்தை வைத்து அமையுங்கள். மதிப்பெண்ணை வைத்து அமைக்காதீர்கள். நன்றாகப் படிப்பவர்களைக் குழுவுக்கு ஒருவராகப் பிரித்துப் போட்டு ‘தலைவர்’ ஆக்குவதுதான் ஒரே பிள்ளை பேசும் நிலைக்கு முதல் காரணம். தலைவர் என்ற பதவியே வேண்டாம். இன்னொன்று: நான்கு பேரில் மூன்று பையன்களும் ஒரு பெண்ணுமாக ஒரு குழு அமைந்தால் அந்தப் பெண் பேசுவதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். இரண்டிரண்டாக இருக்கட்டும், அல்லது முதல் நாவலுக்கு மட்டும் தனித்தனியாக இருக்கட்டும்.

வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்வதை நம்பி இதை நடத்தாதீர்கள். நம் பகுதிப் பிள்ளைகளின் வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியாதது இல்லை. பெற்றோர் பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்க, பிள்ளை பாட்டியோடு இருந்து ஆடு மாட்டைப் பார்த்துக்கொள்கிறது. பூ விளையும் ஊர்களில் விடிவதற்கு முன்பே பூப்பறிக்கப் போய்விட்டுப் பள்ளிக்கு வருகிறது. வீட்டில் படிக்க முடியாத பிள்ளை குழுவில் ஊமையாகத்தான் உட்கார்ந்திருக்கும். படிப்பது பள்ளியிலேயே நடக்கட்டும். வாரத்துக்கு இரண்டு பாடவேளை கிடைத்தால் போதும்: நூலகப் பாடவேளை ஒன்று, உங்கள் தமிழ்ப் பாடவேளையில் ஒன்று. முதல் பாடவேளை இருவர் இருவராகப் படிக்க, இரண்டாவது பேச. 96 பக்க நாவல் என்றால் வாரத்துக்கு 16 பக்கம் வீதம் ஆறு வாரத்தில் முடியும். முடிக்காதவர்கள் மதிய உணவுக்குப் பிறகு மரத்தடியில் முடித்துக்கொள்ளலாம். ஒரு பருவத்துக்கு ஒரு நாவல் நன்றாக நடந்தால் அதுவே நிறைவு. பாடநூலின் விரிவானப் பகுதியில் உள்ள கதைகளை இதே முறையில் ஒருமுறை நடத்திப் பார்த்தால், முதல் நாவலுக்கு நல்ல ஒத்திகையாக அமையும்.

மொழியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் இதை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். ஓசூர், தளி, கெலமங்கலம் பக்கத்துப் பள்ளிகளில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசும் பிள்ளைகள் வகுப்பில் பாதிக்கு மேல் இருப்பதுண்டு. உங்கள் பென்னாகரம் பகுதியிலும் காவிரிக்கரை ஊர்களில் கன்னடம் பேசும் குடும்பங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு நாவல் புரியாமல் இல்லை. புரிந்ததைத் தமிழில் சபை நடுவே சொல்லும்போது யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான் வாயை அடைக்கிறது. குழுப்பேச்சில் வீட்டுமொழியைத் தாராளமாக அனுமதியுங்கள். அதே மொழி தெரிந்த பிள்ளை குழுவில் இன்னொன்று இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். அது மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும். குறிப்பேட்டிலும், தமிழ்ச்சொல் வராத இடத்தில் தெலுங்குச் சொல்லைத் தமிழ் எழுத்திலேயே எழுதிவிட்டுப் போகட்டும். நாவலில் வரும் ஒரு சொல்லுக்கு எங்கள் வீட்டில் இப்படிச் சொல்வோம் என்று ஒரு பிள்ளை சொல்லும்போது, அந்தக் குழுவுக்கே அந்தப் பிள்ளை ஆசிரியர் ஆகிவிடுகிறது. தமிழாசிரியராக இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பேசாத பிள்ளையிடம் எந்தத் தமிழும் வளராது என்பதே என் பதில்.

குறிப்பேடு எப்படி இருக்க வேண்டும்? விலை குறைந்த 80 பக்க நோட்டு போதும். திறந்தால் இரண்டு பக்கம் தெரிகிறது அல்லவா, இடப்பக்கத்தில் நாவலிலிருந்து தன்னை நிறுத்திய ஒரு வரியைப் பக்க எண்ணோடு எழுத வேண்டும். வலப்பக்கத்தில் அந்த வரியைப் படித்தபோது மனத்தில் வந்ததை எழுத வேண்டும். குழுப்பேச்சு முடிந்ததும் வலப்பக்கத்தில் ஒரு கோடு போட்டு, அதன் கீழே ‘பேசிய பிறகு’ என்று எழுதித் தொடர வேண்டும். ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன உடனே கதைச் சுருக்கம் தானாக நின்றுவிடும், ஏனென்றால் ஒரு வரிக்குச் சுருக்கம் எழுத முடியாது.

நானே அமைத்த ஓர் எடுத்துக்காட்டைக் காட்டுகிறேன். தாத்தா இறந்தபின் அவர் வளர்த்த ஆட்டை விற்க விடாமல் பேரன் ஒளித்து வைக்கும் கதை ஒன்றைப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கத்தில் ஒரு பிள்ளை, ‘பக்கம் 23: ஆடு கத்தவில்லை’ என்று மட்டும் எழுதுகிறது. வலப்பக்கத்தில், ‘எங்கள் ஆடு நாங்கள் இல்லாவிட்டால் கத்திக்கொண்டே இருக்கும். இது ஏன் கத்தவில்லை? இதற்குத் தெரியுமா?’ என்று இருக்கிறது. பேசிய பிறகு, கோட்டுக்குக் கீழே இப்படி வருகிறது: ‘கத்தினால் கதை முடிந்துவிடும், அதனால்தான் எழுதியவர் கத்தவிடவில்லை என்று குழுவில் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் ஆட்டைச் சந்தைக்குப் பிடித்துக்கொண்டு போனபோது அதுவும் கத்தவில்லை. இதை இப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.’ மொத்தம் ஏழெட்டு வரிதான். ஆனால் இதில் நூல் இருக்கிறது, குழு இருக்கிறது, அந்தப் பிள்ளையின் வீடும் இருக்கிறது. ‘இப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்’ என்ற வரி எந்தக் குறிப்பேட்டில் வந்தாலும் அன்றைய வேலை நடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதத் தொடங்கவே தெரியாத பிள்ளைகளுக்கு ‘இந்த இடத்தில் நான் நின்றேன், ஏனென்றால்’, ‘இவர் இதைச் செய்திருக்க வேண்டாம்’, ‘எனக்குப் புரியாதது’ போன்ற தொடக்கங்களைச் சுவரில் எழுதி ஒட்டலாம். எழுத்து வராத நாளில் கதையில் வரும் ஊரின் வரைபடம், உறவுமுறை மரம், ஒரு பாத்திரத்துக்குக் கடிதம் என்று மாற்றிக்கொள்ளலாம். இவை சுவைக்காக, இடப்பக்கம் வலப்பக்கம் என்பதுதான் அன்றாடச் சோறு.

பேச்சுக்கு உரிய 40 நிமிடத்தை நான் இப்படிப் பிரிக்கிறேன். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் தங்கள் குறிப்பேட்டைத் திரும்பப் படித்து, குழுவில் வைக்க ஒரு கேள்வியையோ ஒரு வரியையோ தேர்ந்துகொள்கிறார்கள். அடுத்த 20 நிமிடம் பேச்சு. பிறகு பத்து நிமிடம் எழுத்து. கடைசி ஐந்து நிமிடம், எட்டுக் குழுவும் தங்களால் தீர்க்க முடியாத ஒரு கேள்வியைக் கரும்பலகையில் எழுதுகிறார்கள். விடையைச் சொல்லச் சொல்லாதீர்கள்; கேள்வி அப்படியே நிற்கட்டும்.

அடங்காமல் பேசும் பிள்ளைக்கும் அடங்கியே கிடக்கும் பிள்ளைக்கும் நான் புளியங்கொட்டை கொடுக்கிறேன். நம் மாவட்டங்களில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆளுக்கு மூன்று கொட்டை. பேசும்போது ஒன்றை நடுவில் வைக்க வேண்டும். மூன்றும் தீர்ந்தவர், மற்ற எல்லாரும் தீர்க்கும்வரை கேட்க மட்டும் வேண்டும். பேச வராதவர் தன் குறிப்பேட்டிலிருந்து இரண்டு வரி வாசித்தாலும் அது பேச்சாகக் கணக்கு. முதல் மூன்று வாரத்துக்கு இது அருமையாக வேலை செய்யும். அதற்கு மேல் வைத்திருந்தால் கொட்டையைத் தீர்ப்பதற்காகவே எதையாவது சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அந்த அறிகுறி தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

இதைப் போலவே குழுவில் ஆளுக்கொரு பொறுப்பு கொடுக்கும் முறையைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள்: ஒருவர் கேள்வி கேட்பவர், ஒருவர் அருஞ்சொல் தொகுப்பவர், ஒருவர் படம் வரைபவர், ஒருவர் வாழ்க்கையோடு இணைத்துக் காட்டுபவர். அமெரிக்கக் கல்வியாளர் ஹார்வி டேனியல்ஸ் 1994இல் எழுதிய நூலின் வழியாக இந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது. ஆனால் அவரே 2002இல் வந்த இரண்டாம் பதிப்பில், இந்தப் பொறுப்புத் தாள்கள் பேச்சை இயந்திரம் போல ஆக்கிவிடக்கூடும் என்று எச்சரித்தார். என் அனுபவமும் அதுதான். முதல் ஆண்டில் அழகான அட்டைகள் செய்து கொடுத்தேன். அருஞ்சொல் தொகுப்பவர் பக்கங்களைப் புரட்டிக் கடினமான சொற்களைப் பொறுக்கினாரே தவிரக் கதையைப் படிக்கவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் தாளை வாசித்துவிட்டு ‘என் முறை முடிந்தது’ என்று உட்கார்ந்துவிட்டார்கள். இப்போது ஒரே ஒரு பொறுப்பைத்தான் வைத்திருக்கிறேன். அவருக்குப் ‘பக்கம் கேட்பவர்’ என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் ‘எந்தப் பக்கம்?’ என்று கேட்பது மட்டுமே அவர் வேலை, வாரத்துக்கு ஒருவர். சொன்னதை நூலுக்குள் போய்க் காட்ட வேண்டும் என்ற பழக்கம் வந்துவிட்டால், உரக்கப் பேசுகிறவர் சொல்வதே சரி என்ற நிலை மாறிவிடும்.

இந்த 20 நிமிடத்தில் ஆசிரியரின் வேலை மிகக் கடினமானது, ஏனென்றால் அது சும்மா இருப்பது. வட்டத்துக்குள் உட்காராமல் சற்றுத் தள்ளி உட்காருங்கள். உள்ளே உட்கார்ந்தால் நான்கு பேரும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். ஒரு நாளைக்கு இரண்டு குழுக்களை மட்டும் கவனித்து, யார் என்ன சொன்னார் என்று அவரவர் சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள். பேச்சு நின்றுபோனால் உடனே கைகொடுக்கப் போகாதீர்கள், பத்து எண்ணுங்கள். அந்த அமைதியில் யாராவது பக்கத்தைப் புரட்டுவார்கள். குறித்து வைத்ததை மறுவாரம் ‘நீ போன வாரம் இப்படிச் சொன்னாயே, இன்னும் அப்படித்தான் நினைக்கிறாயா’ என்று எடுத்துக் கேட்டால், தான் சொன்னதை ஒருவர் நினைவில் வைத்திருக்கிறார் என்பதை அறிந்த அந்தப் பிள்ளையின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

குறிப்பேடுகளைத் திருத்த வேண்டாம் என்றேன். படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளுக்கு ஆறேழு என்று எடுத்துக்கொண்டால் 32ஐயும் ஒரு வாரத்தில் பார்த்துவிடலாம். ஒவ்வொன்றிலும் இரண்டு வரி பதில் எழுதுங்கள். ‘நன்று’ என்று எழுதுவது பதில் ஆகாது, அது முத்திரை. ‘சந்தைக்குப் போன ஆட்டைப் பற்றி எழுதியிருந்தாய். எங்கள் வீட்டிலும் ஒரு மாட்டை விற்ற நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. கதையில் ஆட்டுக்குத் தெரிந்தது தாத்தா இறந்ததா, விற்கப் போவதா?’ என்பது பதில். படித்ததற்கு அடையாளமும் ஒரு கேள்வியும் அதில் இருக்கின்றன. பிழைகளை என்ன செய்வது என்ற கவலை நியாயமானது. ல, ள, ழ மயக்கமும் ர, ற மயக்கமும் நம் பகுதியில் அதிகம். ழகரம் இல்லாத தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டில் பேசும் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். அடிக்கடி வரும் பிழைகளை உங்கள் நோட்டில் தனியாகக் குறித்துக்கொண்டு, பெயர் சொல்லாமல் இலக்கண வகுப்பில் நடத்துங்கள். குறிப்பேட்டில் ஒரே ஒரு சிவப்புக் கோடு விழுந்தாலும், மறுவாரம் அந்தப் பிள்ளை தனக்குப் பிழையின்றி எழுதத் தெரிந்ததை மட்டுமே எழுதும்.

குறிப்பேடு உண்மையாகத் தொடங்கினால், வலி தரும் செய்திகளும் அதில் வந்து சேரும். குடிக்கிற அப்பா, வீட்டுக்கு வராத அம்மா, அக்காவுக்குப் பேசி முடித்த கல்யாணம் என்று எழுதுவார்கள். இதற்கு முன்கூட்டியே ஓர் ஏற்பாடு வேண்டும். மடித்த பக்கம் என்று ஒரு விதி வையுங்கள்: பிள்ளை மடித்து வைத்த பக்கத்தைக் குழுவில் யாரும் கேட்கக் கூடாது, நீங்களும் வகுப்பில் எடுத்துச் சொல்லக் கூடாது. ஆனால் மடித்த பக்கத்தையும் நீங்கள் படிப்பீர்கள் என்பதையும், யாருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் உதவி கேட்பீர்கள் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. நம் இரண்டு மாவட்டங்களிலும் குழந்தைத் திருமணம் இன்னும் நடக்கிறது என்பதை நாம் அறிவோம். பெண்ணுக்கு 18 வயது நிறைவதற்கு முன் நடத்தும் திருமணம் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி ஒரு செய்தி குறிப்பேட்டில் வந்தால் தலைமையாசிரியரிடம் பேசி, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அன்றே அழைக்க வேண்டும். அந்தப் பிள்ளை எழுதியதுதான் செய்திக்கு மூலம் என்பது ஊரில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடம் நடக்கும்போதே வகுப்பில் செய்யும் வளரறி மதிப்பீட்டின் செயல்பாடுகளில் ஒன்றாக இதைச் சேர்க்கலாம். எழுதினாரா, பேசினாரா, பிறர் சொன்னதைக் கேட்டுத் தன் கருத்தை எங்காவது மறுபரிசீலனை செய்தாரா என்று மட்டும் பாருங்கள். கருத்துக்கும் கையெழுத்துக்கும் மதிப்பெண் போடாதீர்கள்.

பெற்றோர் இதை எப்படிப் பார்ப்பார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். பாடப்புத்தகத்தை விட்டுக் கதைப் புத்தகமா என்ற கேள்வி வரத்தான் செய்யும். அதற்கு விளக்கம் சொல்வதைவிட அவர்களையும் உள்ளே சேர்த்துக்கொள்வது நல்லது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு மிகக் குறைந்த மாவட்டமாக இருந்தது தருமபுரிதான், 68.5 விழுக்காடு. அப்படியென்றால் உங்கள் பிள்ளைகள் பலர் வீட்டில் படிக்கத் தெரியாத பாட்டியோ தாத்தாவோ இருக்கிறார்கள். நாவலில் ஓர் அத்தியாயத்தை மட்டும், விடுமுறை நாள் ஒன்றில், வீட்டில் அவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே வலப்பக்கத்தில் எழுதிவரச் சொல்லுங்கள். படிகளை மாற்றி மாற்றிக் கொடுத்தனுப்பினால் போதும். என் வகுப்பில் ஒரு பாட்டி, கதையில் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகும் சிறுவனைப் பற்றிக் கேட்டுவிட்டு, “அவன் போனது சரி, சோறு கட்டிக்கிட்டுப் போனானா?” என்று கேட்டாராம். அந்தக் கேள்வியைக் குழுவில் வைத்தபோது, பிள்ளைகள் நாவலை முதலிலிருந்து புரட்டி, அவன் எந்தெந்த இடத்தில் சாப்பிட்டான், யார் கொடுத்தார்கள் என்று பக்கம் பக்கமாகத் தேடினார்கள். அவன் உண்டதெல்லாம் முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த சோறு என்பதை அன்றுதான் அந்தக் குழு கண்டது. எனக்கும் அதுவரை தெரியாது.

ஆறாவது வாரத்தில் நாவல் முடிந்ததும் ஒரே நாவலைப் படித்த இரண்டு குழுக்களையும் எதிரெதிரே உட்காரவைத்து, கரும்பலகையில் தீராமல் நின்ற கேள்விகளை ஒருவர் மற்றவரிடம் கேட்கச் சொல்லுங்கள். அந்தப் பாடவேளைக்கு 40 நிமிடம் போதாது என்பதால், மதிய உணவுக்கு முந்திய வேளையாக வைத்துக்கொள்ளுங்கள். குறிப்பேடுகளைப் பழைய தாளோடு போட்டுவிட வேண்டாம். எழுதிய பிள்ளையின் சம்மதத்தோடு, மடித்த பக்கங்களை எடுத்துவிட்டு, இரண்டொன்றை நாவலோடு சேர்த்து அலமாரியில் வையுங்கள். அடுத்த ஆண்டு அதே நாவலை எடுக்கும் குழு, அண்ணனோ அக்காவோ 23ஆம் பக்கத்தில் எங்கே நின்றார் என்பதைப் படித்துப் பார்த்துவிட்டு, தான் நிற்கும் வரியைத் தேடத் தொடங்கும்.